இங்கே ஒரு அறை

அவரைப் போல எழுதித் தள்ளியவர் அந்த ஊரில் வேறு யாரும் கிடையாது. எழுதினார் என்று சொல்வதுகூடத் தப்பு. பேனாவைத் தொட்டே பல வருஷம் ஆகியிருந்தது. காலையில் குளித்துக் கோட்டை மாட்டிக்கொண்டு, கண்ணை இறுக மூடியபடி மாடி அறையில் குறுக்கும் நெடுக்குமாக நடப்பார். வாய் அது பாட்டுக்குக் கதை சொல்லிக்கொண்டே போகும். மூலையில் டைப்ரைட்டரின் முன்னால் உட்கார்ந்திருக்கும் அவள் அதைத் தட்டிக்கொண்டே போவாள். திங்கட்கிழமை ஒரு கள்ள நோட்டுக் கதை, செவ்வாய்க்கிழமை ஒரு கொலைக் கதை, புதன்கிழமை ஒரு உளவுக் கதை என்று ஒரே சமயத்தில் ஓடும். ஒரு கதையில் செத்தவன் இன்னொரு கதையில் எழுந்து நடமாடிவிடாமல் பார்த்துக்கொள்வது அவள் பொறுப்பு.

சும்மா சொல்லக்கூடாது, ஓட்டமும் துரத்தலும் விஷக் கோப்பையும் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. அறைகளும் முகங்களும்தான் வராது. துப்பறிகிறவர் கதவைத் திறந்தார் என்பார். "இங்கே ஒரு அறை. உள்ளே ஒரு ஆள்" என்பார். அடுத்த மூச்சில் துப்பாக்கி வெடித்துவிடும். வேலைக்குச் சேர்ந்த புதிதில், எப்படிப்பட்ட அறை என்று அவள் ஒரு தடவை கேட்டுவிட்டாள். கதை ஓடிக்கொண்டிருக்கும்போது நாற்காலி மேசையைக் கேட்டு வழிமறிக்கலாமா என்று எரிந்து விழுந்தார். அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை. மத்தியானம் அவர் சாப்பிடப் போனதும் சுத்தப் பிரதி எடுப்பாள், அப்போது அறையையும் ஆளையும் அவளே போட்டுவிடுவாள்.

அவர் எழுதினதை அவர் திரும்பப் படிக்கிற வழக்கமே இல்லை. பாராட்டுக் கடிதங்களை மட்டும் ஒன்று விடாமல் படிப்பார். இவருடைய கதையில் வருகிற அறைக்குள் போய் உட்கார்ந்துவிட்டு வரலாம், அவ்வளவு தத்ரூபம் என்று ஒரு பத்திரிகை எழுதியபோது அதை வெட்டிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினார். மாட்டும்போது ஆணியை எடுத்துக் கொடுத்தவள் அவள்தான். இரண்டு பேரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. பேசாமலிருப்பது ஒருவிதமான மரியாதை என்று அவள் நினைத்திருந்தாள்.

அவளிடம் ஒரு குறை இருந்தது. இல்லாத அறையை அவளுக்கு எழுத வராது. எல்லாம் கடன் வாங்கியவைதான். விஷம் வைக்கும் கிழவி ஒருத்தி தேவைப்பட்டபோது சித்தியின் மாமியாரை அப்படியே கொத்துச் சாவியோடு தூக்கி வைத்தாள். கள்ள நோட்டு அடிப்பவனுக்குக் கடைத்தெரு பைண்டரின் பசை வாளியும் சாய்ந்த படிக்கட்டும் போயின. தூது போகிறவனுக்கு, பக்கத்துத் தெருவில் குடியிருந்த பாட்டு வாத்தியாரின் அறை. யாரும் கண்டுபிடிக்கவில்லை. சித்தியின் மாமியாரே அந்தக் கதையைப் படித்துவிட்டு, இப்படியும் ஒரு பொம்பளை இருப்பாளா என்று அங்கலாய்த்தாள்.

அப்படியே காலம் போயிருக்கும். யுத்தம் வரப்போகிறது என்ற பேச்சு வந்தது. ஊரில் மூக்கைச் சிந்துகிறவனைக்கூட யாருக்கோ சைகை காட்டுகிறான் என்று பார்க்க ஆரம்பித்தார்கள். பத்திரிகைக்காரர்கள் உளவாளிக் கதை கேட்டு வாசலில் வந்து நின்றார்கள். அவர் கண்ணை மூடிக்கொண்டு தொடங்கினார்: ஊர் நடுவில், யார் கண்ணையும் உறுத்தாமல், பக்கத்து வீட்டுக்காரன்போல ஒருவன் குடியிருக்கிறான். இங்கே ஒரு அறை. உள்ளே ஒரு ஆள்.

அவளுடைய கையிருப்பு தீர்ந்துபோயிருந்தது. தெரிந்த வீடுகளையெல்லாம் கொலைகாரர்களுக்குக் கொடுத்தாகிவிட்டது. மிச்சம் இருந்தது அவள் வீடுதான்.

அவளும் அவள் அண்ணனும் ஒரு சலவைக் கடையின் மாடியில் குடியிருந்தார்கள். அண்ணன் மூக்குக் கண்ணாடிக்கு வில்லை தேய்த்துக் கொடுப்பவன். தெருப் பக்கத்து ஜன்னலை ஒட்டி அவன் மேசை. வில்லை தேய்க்கிற செம்பொடி தரைப் பலகையின் இடுக்குகளில் ஏறி, எத்தனை கழுவினாலும் போகாமல் கிடக்கும். முடிந்த வில்லைகள் நூலில் கட்டி ஜன்னலில் தொங்கும். சாயங்காலம் விளக்கை ஏற்றி ஜன்னல் விளிம்பில் வைப்பான். சுடருக்கு நேரே வில்லையைப் பிடித்து ஏற்றி இறக்கி, கீறல் இருக்கிறதா என்று பார்ப்பான். இடது தோள் கொஞ்சம் தாழ்ந்திருக்கும். வெளியே போய் வந்தால் தன் வீட்டுக் கதவையே இரண்டு தட்டுத் தட்டிவிட்டுத்தான் நுழைவான். ஏன் என்று கேட்டால், உள்ளே நீ ஏதாவது யோசனையில் இருந்தால் திடுக்கிடக்கூடாதே என்பான். அவளுக்கு நாற்பது வயது நெருங்கியும் அவனுக்கு அவள் பாப்பாதான்.

அத்தனையும் கதைக்குள் போயிற்று. செம்பொடி, நூல், தாழ்ந்த தோள், ஏறி இறங்கும் வெளிச்சம், இரண்டு தட்டு. எழுதும்போது அவளுக்குச் சிரிப்பாகக்கூட இருந்தது. அண்ணன் கதைப் பத்திரிகை பக்கமே போகாதவன். தெரியவா போகிறது.

தொடர் பிய்த்துக்கொண்டு போயிற்று. வெள்ளிக்கிழமை பத்திரிகை வந்ததும் டிராமில் ஆளுக்கு ஆள் படித்தார்கள். அப்படிப் போய்க்கொண்டிருந்தபோது ஒரு புதன்கிழமை, அவர் நடந்துகொண்டே சொன்னார்: அன்றைக்கு அந்த ஆள் வழக்கமான வழியில் போகாமல் பாலத்தைச் சுற்றிக்கொண்டு போனான். நடுப்பாலத்தில் நின்று ஒரு சின்னப் பொட்டலத்தைத் தண்ணீரில் போட்டான்.

அவள் தட்டிவிட்டாள். தட்டிய பிறகுதான் உறைத்தது. தெருவைத் தோண்டிப் போட்டிருந்ததால் பாலம் வழியாகப் போனதாக அண்ணன் அந்த வாரம்தான் சொல்லியிருந்தான். உடைந்த கண்ணாடிச் சில்லுகளைக் குப்பையில் போட்டால் யார் காலிலாவது குத்தும் என்று ஆற்றில் போட்டதாகவும் சொன்னான். தற்செயல் என்று மனசைத் தட்டிக் கொடுத்தாள். உலகத்தில் பாலமும் பொட்டலமும் எத்தனையோ.

அடுத்த புதன்கிழமை அவர் சொன்னார்: அந்த ஆளின் வலது கட்டைவிரலில் ஒரு கட்டு. நீலத் துணி. தலையணை உறையிலிருந்து கிழித்த துணி.

அவள் கை நின்றது. முந்தின நாள் காலையில் அந்தத் தலையணை உறையைக் கிழித்துக் கட்டுப் போட்டவள் அவள். யாரிடமும் மூச்சுக் காட்டவில்லை. டைப்ரைட்டர் சத்தம் நின்றதும் அவர் கண்ணைத் திறந்தார். கதை சொல்லும்போது அவர் கண் திறந்து அவள் பார்த்ததே கிடையாது. அந்தக் கண்ணில் ஒன்றும் இல்லை, வெறும் எரிச்சல்தான். ரிப்பன் சிக்கிக்கொண்டது என்றாள். அவர் மறுபடி கண்ணை மூடிக்கொண்டு அண்ணனைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். அவன் யாரோடு பேசினான், எந்தக் கடையில் நின்றான், திரும்பி வந்து கதவை எத்தனை தட்டுத் தட்டினான் என்று எல்லாம் வந்தது. இவள் கொடுத்த ஆளை இவளுக்கே திருப்பிச் சொன்னார், இவள் கொடுக்காததையும் சேர்த்து.

அன்று சாயங்காலம் தெருவில் பனி இறங்கியிருந்தது. வீட்டு ஜன்னலுக்கு நேர் எதிரே, விளக்குக் கம்பத்தடியில், மடித்த செய்தித்தாளோடு ஒருவர் நின்றார். செய்தித்தாளைப் படிக்கவில்லை. பனியில் முகம் தெரியவில்லை. ஆனால் முகம் எந்தப் பக்கம் திரும்பியிருந்தது என்பது நன்றாகத் தெரிந்தது. அவள் மாடிக்கு ஓடிப்போய் அண்ணனிடம் கேட்டாள். அவன் வில்லையிலிருந்து கண்ணை எடுக்காமல் பதில் சொன்னான்.

"அவரா? ரொம்ப நாளா நிக்கறாரு, பாப்பா. யாருக்கோ காத்திருக்காரு போல. கால் வலிக்குமேன்னு ஒரு முக்காலி கொண்டுபோய்க் குடுத்தேன். வேண்டாம்னுட்டாரு."

விளக்கை அணைத்துவிடு என்றாள். அவனோ விளக்கை இன்னும் கொஞ்சம் தூண்டிவிட்டு, வில்லையை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தான்.

மறுநாள் வழக்கத்தைவிட முன்னதாகவே வேலைக்குப் போனாள். எழுத்தாளர் வீட்டு மாடிப்படியில் சாம்பல் நிறக் கையுறை போட்ட ஒருவர் இறங்கி வந்தார். வழி விட்டு ஒதுங்கி நின்று, அவளைப் பார்த்துப் பழகினவர்போலப் புன்னகைத்தார். உங்கள் டைப்பிங் ரொம்பச் சுத்தம், ஒரு அடித்தல் திருத்தல் கிடையாது என்றார். அதற்கு முன் அவரை அவள் பார்த்ததே இல்லை.

அவள் நேரே மேலே போய், மெஷின் மூடியைக்கூட எடுக்காமல் அவர் முன்னால் நின்றாள்.

"ஐயா, அந்த அறை எங்க வீடு. உள்ள இருக்கற ஆளு எங்கண்ணன்."

அவர் உட்கார்ந்துவிட்டார். அந்த அறையில் நாற்காலி இருந்ததே அப்போதுதான் அவருக்குத் தெரிந்ததுபோல இருந்தது. பிறகு மெதுவாக எல்லாம் வெளியே வந்தது. கையுறைக்காரர், வாசலில் பலகை மாட்டாத ஒரு இலாகாவைச் சேர்ந்தவர். கள்ள நோட்டுக் கதை வந்தபோது முதன்முதலாக வந்தார். இந்த அறையைக் கற்பனை செய்திருக்க முடியாது, எங்கே பார்த்தீர்கள் என்று கேட்டார். கற்பனை என்று சொல்ல இவருக்கு வாய் வரவில்லை, ஏனென்றால் அது இவருடைய கற்பனை இல்லை. டைப் அடிக்கிற அம்மா எழுதினது என்று சொல்ல அதைவிட வரவில்லை. ஆகவே மார்பை நிமிர்த்திக்கொண்டு, எனக்கு ஊரெல்லாம் ஆள் இருக்கிறது, நான் எழுதுவது அத்தனையும் நிஜம் என்று ஒரு புளுகை எடுத்துவிட்டார். அன்று முதல் கையுறைக்காரர் பயபக்தியோடு வந்து போகிறார். ஆளைத் தேடிக் கண்டுபிடித்து, பின்னாலேயே ஒருவரை விட்டு, ஜன்னலுக்கு எதிரேயும் நிறுத்தி, பார்த்ததை இவரிடம் வந்து சொல்கிறார். கதைக்கு அது வசதியாக இருந்தது, நானும் கேட்டுக்கொண்டேன் என்றார்.

அவள் காதில் பாதிதான் விழுந்தது. கடைத்தெருவில் பைண்டரின் கடை பூட்டிக் கிடப்பது அவள் கண்முன் வந்தது. மகள் வீட்டுக்குப் போய்விட்டார் என்று எல்லோரும் சொல்லிக்கொண்டார்கள். எந்த ஊர் மகள் என்று யாரும் கேட்கவில்லை. பாட்டு வாத்தியாரின் அறையில் இப்போது வேறு யாரோ குடியிருக்கிறார்கள். அவருடைய குடை மட்டும் படிக்கட்டின் கீழே சாத்தியபடி இருந்தது, மழைக்காலத்தில்கூட. தினமும் அதைத் தாண்டித்தான் அவள் டிராமுக்குப் போகிறாள்.

"அவங்களையெல்லாம் என்ன பண்ணினாங்க?"

"நான் கேக்கல" என்றார் அவர். "கேட்டாச் சொல்ற ஆளும் இல்ல அவரு."

இலாகாக்காரரிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள் என்று அவள் கெஞ்சினாள். அவர் சுவரில் இருந்த சட்டத்தைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், அவளை மட்டும் பார்க்கவில்லை. கடைசி அத்தியாயம் வரும்வரை கை வைக்கக்கூடாது, வைத்தால் கதை கெட்டுவிடும் என்று தான் கேட்டுக்கொண்டிருப்பதாகவும், அவர்களும் ஒப்புக்கொண்டிருப்பதாகவும் பெரிய உபகாரம் செய்தவர்போலச் சொன்னார். கடைசி அத்தியாயம் அடுத்த வார வெள்ளிக்கிழமை. ஏதாவது செய்கிறேன் என்று முணுமுணுத்தார். ஆக, அண்ணனின் ஆயுள் ஒரு தொடர்கதை நீளத்துக்கு இருந்தது. அவளுக்கு அந்த மனிதரின் சட்டையைப் பிடித்து உலுக்கவேண்டும்போல ஆத்திரம் வந்தது. உலுக்காமல் கூலிக்காரியாக மெஷின் முன்னால் போய் உட்கார்ந்தாள், அதுதான் அவளுக்கு இன்னும் ஆத்திரம்.

வீட்டில் அண்ணனிடம் எங்கேயாவது போய்விடலாம் என்று சொல்லிப் பார்த்தாள். பாதி வேலையில் நிற்கும் வில்லைகளை வைத்துக்கொண்டு கண் தெரியாதவர்கள் காத்திருக்கிறார்களே என்றான். எழுத்தாளர் வீட்டில் வேலை பார்த்துப் பார்த்து உனக்கும் கதை பிடித்துக்கொண்டது என்று சிரித்தான். ஓடினால் அது ஒன்றே போதும் அவர்களுக்கு என்பது அவளுக்கும் தெரிந்திருந்தது.

புதன்கிழமை வந்தது. அவர் கண்ணை மூடி நடந்து, கடைசி அத்தியாயத்தைச் சொன்னார். குரல் கரகரத்தது. ஒற்றர் தலைவன் யார் என்று துப்பறிகிறவருக்குத் தெரிந்துவிட்டது. ஆட்களோடு படியேறுகிறார். கதவைத் திறக்கிறார். "இங்கே ஒரு அறை" என்றார். "உள்ளே ஒரு ஆள். அவன்தான். சுவரோரம் நிறுத்திச் சுட்டார்கள். முற்றும்."

சொல்லிவிட்டு அவள் பக்கம் திரும்பாமல் சாப்பிடக் கீழே இறங்கிப் போய்விட்டார். எந்த அறை என்று சொல்லவில்லை. சொல்லும் வழக்கமும் இல்லை. தன் கையால் செய்ய முடியாததை என் தலையில் கட்டிவிட்டுப் போகிறாரே என்று அவள் பல்லைக் கடித்தாள்.

வெள்ளைத் தாளைச் செருகினாள். கண்ணாடிக்காரன் ஒரு பாவமும் அறியாதவன், நம்மைத் திசை திருப்ப அவன் வீட்டு ஜன்னலைக் காட்டினார்கள் என்று முதலில் ஒரு வரி தட்டினாள். அதுவரை சரி. ஆனால் கதவு திறந்தாகிவிட்டது. உள்ளே ஒரு அறை வேண்டும்.

யாருக்கும் சொந்தமில்லாத ஒரு அறையை எழுதிவிட அவள் படாத பாடு பட்டாள். ஒரு கட்டில் போட்டாள், அது சலவைக் கடை அக்காவின் கட்டிலாக இருந்தது. கிழித்தாள். ஒரு படிக்கட்டு வைத்தாள், ஏறிப்போனால் மருந்துக் கடைக்காரர் இருமிக்கொண்டிருந்தார். கிழித்தாள். வெறும் சுவர் வைத்தாள். சுவரில் ஈரம் படர்ந்து, அது யார் வீட்டு ஈரம் என்று அவளுக்குத் தெரிந்தது. எந்தக் கதவைத் திறந்தாலும் உள்ளே யாரோ ஒருவர் நிமிர்ந்து பார்த்தார்கள். கையுறைக்காரரின் அறையை எழுதலாம் என்றால், அது எங்கே இருக்கிறது என்று யாருக்குத் தெரியும். கீழே அவர் சாப்பிட்டு முடித்துக் கை கழுவும் சத்தம் கேட்டது.

தலையை நிமிர்த்தினாள். எதிரே ஒரு அறை இருந்தது.

அவள் கை தானாக ஓடியது. ஓயாமல் நடந்து நடந்து நடுவில் மட்டும் நூல் தெரியத் தேய்ந்த கம்பளம். சட்டம் போட்ட பாராட்டு. குதிரைத் தலை வைத்த பேப்பர் வெயிட். ஜன்னல் திரையில், கீழ் ஓரத்தில், யாரோ நகத்தால் பிறாண்டினதுபோல ஒரு கிழிசல். உள்ளே ஒரு ஆள். கோட்டில் ஒரு பித்தான் மட்டும் வேறு நிறம். எல்லாம் தெரிந்தவன். கண்ணை மூடிக்கொண்டு நடப்பவன்.

அதை அவளே எடுத்துக்கொண்டு போய் அச்சகத்தில் கொடுத்தாள். அன்று மாலை பாட்டு வாத்தியாரின் குடையைத் தாண்டிப் போகும்போது அவளால் அந்தப் பக்கம் பார்க்க முடியவில்லை.

வெள்ளிக்கிழமை பத்திரிகை வந்தது. சனிக்கிழமை சாயங்காலம் விளக்குக் கம்பத்தடியில் யாரும் இல்லை. பாவம், அவர் எதிர்பார்த்த ஆள் வந்துவிட்டார் போலிருக்கிறது என்று அண்ணன் சந்தோஷப்பட்டான்.

திங்கட்கிழமை காலை அவள் வேலைக்குப் போனாள். போகாமலிருந்தால் சந்தேகம் வரும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். உண்மை என்னவென்றால், அவளால் போகாமலிருக்க முடியவில்லை. எழுத்தாளர் வீட்டுக்கு எதிரே, மடித்த செய்தித்தாளோடு அந்த ஆள் நின்றார். அவளைப் பார்த்துத் தலையசைத்தார்.

மாடியில் கையுறைக்காரர் நாற்காலியில் உட்கார்ந்து சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டிருந்தார். கம்பளத்தைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், பத்திரிகையைப் பார்த்தார். எழுத்தாளர் எதிரே நின்று, எந்நாளும் இல்லாத திருநாளாகத் தன் கதையைத் தானே படித்துக்கொண்டிருந்தார். உதடுகள் மெல்ல அசைந்தன. கடைசிப் பத்திக்கு வந்ததும் உதடு நின்றது.

"எனக்கு ஆரம்பத்துலேருந்தே ஒரு யோசனை" என்றார் கையுறைக்காரர், குரலை உயர்த்தாமல். "இவ்வளவு தெரிஞ்ச ஒருத்தர் எப்படி வெளியாளா இருக்க முடியும்னு. கடைசியில நீங்களே சொல்லிட்டீங்க. ஒரே ஒரு கேள்விதான். இந்தக் கடைசிப் பக்கம், இதை நீங்கதான் எழுதினீங்களா?"

எழுத்தாளர் தலையைத் தூக்கி அவளைப் பார்த்தார். முதன்முறையாக முழுசாகப் பார்த்தார். இவள்தான் எழுதினாள் என்று ஒரு வார்த்தை போதும், அவர் தப்பிவிடுவார், அவளும் அண்ணனும் போய்விடுவார்கள். அவள் மெஷினின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். கீழே தெருவில் ஒரு வண்டி வந்து நின்றது.

"என் கதையில இன்னொருத்தர் எழுதினதுன்னு ஒரு எழுத்துகூடக் கிடையாது" என்றார் அவர்.

கையுறைக்காரர் தலையசைத்து எழுந்தார். எழுத்தாளர் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். நிறம் மாறிய பித்தானை ஒரு தடவை தொட்டுப் பார்த்தார். வாசலுக்குப் போனவர் நின்று, ஜன்னல் பக்கம் திரும்பினார்.

"அந்தத் திரையில கிழிசல் இருக்கா என்ன? இத்தனை வருஷத்துல நான் பார்த்ததே இல்லம்மா."

அது கர்வமா கருணையா என்று அவளுக்கு அன்றும் தெரியவில்லை, பிறகு எத்தனை யோசித்தும் தெரியவில்லை. படியில் செருப்புச் சத்தம் இறங்கியது. வண்டி நகர்ந்தது. யாரும் அவளை ஒன்றும் கேட்கவில்லை. டைப் அடிப்பவளை யார் கேட்பார்கள்.

வீட்டில் அவள் சும்மா உட்கார்ந்திருந்தாள். சாயங்காலம் கதவில் இரண்டு தட்டு விழுந்தது, அண்ணன் உள்ளே வந்தான். ஏன் பாப்பா இன்றைக்குச் சீக்கிரம் என்று கேட்டான். எழுத்தாளர் ஊரில் இல்லை என்றாள். அவன் சரி என்று விளக்கை ஏற்றி ஜன்னலில் வைத்து, ஒரு வில்லையைச் சுடருக்கு நேரே தூக்கினான். அவன் கட்டைவிரலில் தழும்பு சிவப்பாக இருந்தது, நகத்தில் செம்பொடி ஏறியிருந்தது, தோள் தாழ்ந்திருந்தது.

அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். பார்த்தால் எழுத வந்துவிடும்.